கிடை நகரும் வழியில்

மார்ச் 8, மன்னார்குடி

மன்னார்குடியில் இறங்கியபோது காலை பதினொரு மணி. பங்குனி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீயும் இரண்டு மெதுவடையும் 35 ரூபாய். வடை சூடாக இருந்தது, சட்னிதான் புளித்துவிட்டிருந்தது. கடைக்காரரிடம் இந்தப் பக்கம் கிடை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கோட்டூர் ரோட்டுல போங்க தம்பி. நேத்து சாயங்காலம் ஒரு கூட்டம் தாண்டிச்சு. ராம்நாட்டு ஆடு."

கிடை பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகையில் சம்பா அறுப்பு தை, மாசியில் முடியும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். நடுவில் பல வயல்கள் சும்மா கிடக்கும். அந்த இடைவெளிக்குத்தான் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து செம்மறி மந்தைகள் நடந்தே வந்து சேர்கின்றன. பகலில் அறுத்த தாளையும் வரப்புப் புல்லையும் மேயும். இரவில் யாராவது ஒருவர் வயலில் அடைப்பார்கள். விடிவதற்குள் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணில் இறங்கிவிடும். அதற்கு வயல்காரர் பணம் தருவார். கூட்டத்தை நடத்துகிறவர் கீதாரி.

நண்பனின் அப்பா இங்கே பயிர் வைக்கிறவர். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். மதியம் அவர் வீட்டில் சாப்பாடு: முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூப் பொரியல், கெட்டி மோர். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்னு சும்மாவா சொன்னாங்க? குப்பையை வண்டியில கொண்டுவந்து கொட்டினா மூத்திரம் வருமா? கிடைன்னா ரெண்டும் வயல்லயே விழுது. மறுநாளே ஏர் ஓட்டிடணும், காயவிட்டா சத்துப் போயிடும்."

அவருக்கு இருப்பது பத்து மா நிலம் (ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர்). அதில் பாதியில் இப்போது உளுந்து நிற்கிறது. நெல் அறுப்பதற்கு முன்பே, மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளித்துவிடுவார்கள். அதனால் எல்லா வயலும் ஆட்டுக்குத் திறந்து கிடப்பதில்லை. "ஆடு வந்தா எனக்கு லாபம். ஆனா பக்கத்து வயல் உளுந்துல ஒண்ணு வாயை வச்சாலும் பஞ்சாயத்துதான்."

சுற்றித் திரிகிறவன் எதற்கும் கட்டுப்படாதவன் என்று பாட்டிலும் கதையிலும் சினிமாவிலும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஊரைவிட்டுப் போகிறவனைப் பார்த்து ஏங்குவோம், ஊருக்குள் வருகிறவனைப் பார்த்தால் கதவைச் சாத்துவோம். மந்தையோடு கூடவே நடந்தால் இந்த இரண்டில் எது நிற்கும் என்று பார்க்கவே வந்தேன்.

மார்ச் 9, கோட்டூர்ப் பக்கம்

பெரியப்பா தன் டிவிஎஸ் 50-இல் கொண்டுபோய் விட்டார். மந்தை கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்கு எட்டிவிடுகிறது: காய்ந்த புழுக்கை, ஈர மயிர், புழுதி மூன்றும் கலந்த ஒரு வாடை. எண்ணூறு ஆடுகள் இருக்கும். பெரும்பாலும் வெள்ளை. நடுநடுவே உடம்பெல்லாம் செம்புள்ளி போட்ட வேம்பூர் ஆடுகள். ஒரே மந்தை என்றுதான் நமக்குத் தோன்றும். நான்கு குடும்பத்து ஆடுகள் அவை. காதில் போட்ட வெட்டையும் முதுகில் பூசிய சாயத்தையும் வைத்து எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும்.

கீதாரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தோளில் துண்டு, கையில் தொரட்டி. நான் என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் "சாப்டீகளா?" என்றார். இல்லை என்றேன். தூக்குவாளியைத் திறந்து பழைய சோறும் சுட்ட கருவாடும் வைத்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்ற கேள்வி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் வந்தது. இந்த வரிசையை அதற்குப் பிறகும் கவனித்தேன். அவர்களிடத்தில் வந்து நிற்கிற யாராக இருந்தாலும் முதலில் சோறு, அப்புறம்தான் விசாரணை.

பகல் முழுவதும் அவருடைய தங்கச்சி மகனோடு நடந்தேன். முப்பது வயது, கொஞ்ச நாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆடு மேய்ப்பது என்றால் மரத்தடியில் உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள் அவரோடு ஒருநாள் நடக்க வேண்டும். கண் ஓயாது. அறுப்பு இயந்திரம் திரும்பிய மூலைகளில் நெல் கொட்டிக் கிடக்கும். அதை வயிறு முட்டத் தின்றால் ஆடு உப்பிச் செத்துப்போகும். அந்த மூலைகளைத் தாண்டி மந்தையை விரட்டிக்கொண்டே போகவேண்டும். மருந்தடித்த வரப்பு ஒருபக்கம், உளுந்து மறுபக்கம். நாக்கை மடித்து அவர் எழுப்பும் ஒரு சத்தத்துக்கு முன்னால் போகிற ஆடுகள் திரும்பின, இன்னொன்றுக்கு நின்றன. பாதி ஆடு ஏறிவிட்ட வரப்பிலிருந்து வெறும் சத்தத்தாலேயே மொத்தத்தையும் இறக்கியதைப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் வைக்கோலையும் இயந்திரம் வைத்து உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். "முன்ன தாளு முழங்காலு உசரம் நிக்கும்ணே. இப்ப வழிச்செடுத்துட்டுப் போயிர்றாக. ஆடு நாலு வயலு சுத்துனாத்தான் வயிறு ரொம்புது" என்றார்.

இரவுக் கிடை பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் வயலில். நூறு ஆட்டுக்கு ஓர் இரவுக்கு 250 ரூபாய் என்று பேசியிருந்தார்கள். கூடவே சமைக்க அரிசியும் விறகும் வயல்காரர் தரவேண்டும். கீதாரியின் அப்பா காலத்தில் முழுக்க நெல்லாகவே வாங்கியிருக்கிறார்கள். முன்பு கருவை முள்ளாலும் படலாலும் அடைத்த கிடையை இப்போது நைலான் வலை சுற்றி அடைக்கிறார்கள். வண்டியில் ஏற்ற லேசு, ஆனால் நாய் கடித்தால் கிழிந்துவிடும். பிறந்து சில நாளே ஆன குட்டிகளைத் தனியாகக் கூண்டில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் தாய் ஆடுகள் வந்ததும் குட்டிகளைத் திறந்துவிட்டார்கள். அத்தனை கத்தலுக்கு நடுவே ஒவ்வொரு குட்டியும் தன் தாயைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. ஒரேயொரு குட்டி மட்டும் மடி மடியாக முட்டி உதை வாங்கியது. கீதாரி அதைத் தூக்கிக்கொண்டு போய் உரியதிடம் விட்டார்.

ராத்திரிச் சாப்பாடு சோறும் நண்டு ரசமும். வாய்க்காலில் பிடித்த நண்டு, காரம் கண்ணில் நீர் வரவைத்தது. சோறு முடிந்ததும் ஒரு டம்ளர் ஆட்டுப்பால் டீ. கெட்டியாக, லேசான கவிச்சு வாசத்தோடு இருந்தது. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினேன்.

படுக்க எனக்கு ஒரு கோணிச்சாக்கும் தார்ப்பாயும் கொடுத்து, நெருப்புக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்கள். பாம்பு அண்டாது என்றார்கள். சங்க நூலான மலைபடுகடாத்தில் இதே இரவு இருக்கிறது. நன்னன் என்ற அரசனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறவர், இருட்டியபின் ஆட்டு மந்தைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தால் பாலும் கூழும் தானாகக் கிடைக்கும், தோல் படுக்கையில் நெருப்பைத் துணையாக வைத்துத் தூங்கிவிட்டுப் போங்கள் என்கிறார். கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பகுதி. தோலுக்குப் பதில் தார்ப்பாய் என்பதைத் தவிர எதுவும் மாறவில்லை என்று தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது.

தூக்கம் என்று சொல்ல முடியாது. ஆடுகள் இருமுகின்றன, தும்முகின்றன, ராத்திரி முழுக்க அசைபோடுகின்றன. நள்ளிரவு தாண்டி டார்ச் வெளிச்சத்தில் கிடையை எழுப்பினார்கள். வலையைப் பிடுங்கி அடுத்த பாதி வயலில் நட்டு ஆடுகளை மாற்றினார்கள். எழுப்பினால்தான் புழுக்கை போடும், ஒரே இடத்தில் குவியாமல் வயல் முழுக்கப் பரவும். வயல்காரர் வந்து நின்று கேட்கவில்லை. அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். இருந்தும் ஒரு மூலைகூட விட்டுப்போகாமல் செய்தார்கள்.

மார்ச் 10, சாலையில்

விடிந்ததும் அடுத்த இடத்துக்கு நடை. சாமான், கூண்டு, வலை எல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் முன்னால் போய்விட்டது. மந்தை சாலையில்.

இதில்தான் மனிதர்களைப் பார்க்கலாம். பைக்கில் வந்த ஒருவர் ஆடுகளுக்கு நடுவே ஹாரனை அழுத்திக்கொண்டே புகுந்தார். மிரண்ட ஆடுகளில் இருபது உளுந்து வயலுக்குள் பாய்ந்து, அவற்றை வெளியே கொண்டுவர மூன்று பேர் ஓடவேண்டியிருந்தது. வயலில் நின்ற அக்கா திட்டித் தீர்த்தார். கீதாரி கும்பிட்டபடி நின்றார், பதில் பேசவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, கடைசி ஆடு தாண்டும்வரை காத்திருந்தார். உள்ளே இருந்த பிள்ளைகள் எண்ணத் தொடங்கி, நூற்றைம்பதுக்கு மேல் குழம்பிவிட்டார்கள். ஒரு வீட்டில் மண்பானைத் தண்ணீரும் நீர்மோரும் தந்தார்கள். அடுத்த தெருவில் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்றார்கள். கேன் தண்ணீர் 40 ரூபாய்க்கு வாங்கினோம்.

கீதாரியின் மடியில் இருக்கும் பட்டன் போன் நாள் முழுக்க அடிக்கிறது. பத்துப் பன்னிரண்டு கூட்டங்கள் இந்த வட்டாரத்தில் இருப்பதாகச் சொன்னார், எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நான் பக்கத்தில் நடந்தபடி கேட்ட ஒரு பேச்சு இப்படிப் போனது: "வடுவூரு தாண்டி வலப்பக்கம் எறங்கு. ரெண்டாவது வாய்க்காலு வத்திப்போச்சு, அங்கிட்டு ஆட்ட விட்டுறாத. ஐயனார் கோயிலு கொளத்துல தண்ணி கெடக்கு. அந்தக் கோடியில மாடி வீட்டு ஐயா இருக்காக. எங்க பேரச் சொல்லு. சோத்துக்குக் கொற வைக்க மாட்டாக. நாயி மட்டும் பொல்லாதது."

ஆற்றுப்படை என்றால் வேறென்ன? பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணனோ கூத்தனோ, எதிரே பசியோடு வரும் இன்னொருவனை நிறுத்தி, எந்த வழியாகப் போகவேண்டும், எங்கே என்ன சோறு கிடைக்கும், எந்த இடத்தில் கவனமாக இருக்கவேண்டும், கொடுக்கிற மகராசன் எப்படிப்பட்டவன் என்று சொல்லும் பாட்டு. பத்துப்பாட்டில் பாதி, ஐந்து பாட்டு, இந்த வகைதான். அதை நாம் வள்ளல்களின் புகழாக மட்டும் படித்துவிட்டோம் என்று இந்தச் சாலையில் தோன்றியது. அலைகிறவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட அறிவு அது. தனக்குக் கிடைத்த இடத்தை மறைத்து வைக்காமல் அடுத்தவனுக்குச் சொல்வது அந்தப் பாட்டின் உயிர். கீதாரியிடம், நல்ல மேய்ச்சலை மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்குக் குறையாதா என்று கேட்டேன். "போன வருசம் எனக்கு அவுக சொன்னாக" என்றார்.

சாயங்காலம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தச் சாலையில் அவர் பெயர் சொல்லி விசாரித்த வீடுகள், யாருக்கு முழங்கால் வலி, யார் மகள் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள், எந்த அண்ணன் தம்பி வயலைப் பிரித்துக்கொண்டார்கள் என்று அவர் அறிந்திருந்தது, இவையெல்லாம் என் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்குத் தெரிந்ததைவிடப் பல மடங்கு. அவருடைய அப்பாவுக்கு வயல் கொடுத்தவர்களின் பேரன்களிடம் இப்போது இவர் கிடை பேசுகிறார். கட்டில்லாத வாழ்க்கை என்று எதைச் சொல்கிறோம்? ஒரு வீட்டோடு உறவு கெட்டால் மறுநாள் இரவுக்கு இவருக்குத் தரை இல்லை.

மார்ச் 11, மழை

மத்தியானம் வரை புழுக்கம். மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்தது. நாலரைக்குப் பிடித்த மழை விடவில்லை.

மாசிக் கடைசியில் பெய்யும் மழை விவசாயிக்கு உளுந்தை அழுகவைக்கும், ஆட்டுக்காரருக்குக் குட்டிகளைக் கொல்லும். களிமண் வயல் அரை மணி நேரத்தில் சேறானது. ஆடுகள் ஒன்றின் வயிற்றுக்கு அடியில் ஒன்று தலையைக் கொடுத்து நின்றுகொண்டன, நகர மறுத்தன. வயல்காரர் குடையோடு வந்து, ஈரத்தில் மிதித்தால் மண் இறுகிப்போகும், உடனே வெளியேற்றுங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எங்கே போவது?

மேடான இடம் அரைக் கிலோமீட்டரில் ஒரு கோயில் திடல். குட்டிகளை ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டோம். என் சட்டைக்குள் ஒன்று இருந்தது, உடம்பெல்லாம் நடுக்கம், இதயம் விரலில் தட்டியது. திடலுக்கு வந்ததும் ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் வழிமறித்தார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் போகிறோம், இடம் அசுத்தமாகும் என்றார் ஒருவர். ராத்திரியில் வெளியாட்களைத் தங்கவிட்டு ஏதாவது களவு போனால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். கீதாரி பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆதார் நகல்களை எடுத்து நீட்டினார். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக ஊர்ப் பெரியவரிடமும், தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுவாராம். அந்த உறை மழைக்காகவே வாங்கியது.

எனக்கு அங்கே கோபமாக வந்தது. அலைந்து திரிகிறார்கள் என்பதையே குற்றத்தின் அடையாளமாக்கி ஆங்கிலேயர் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் அது நீண்டது. பழங்குடிகள், ஊர் ஊராக உப்பும் தானியமும் சுமந்தவர்கள், கூத்தாடிகள், ஓர் இடத்தில் வாழ்ந்த சாதிகள்கூட அதில் சிக்கினார்கள். 1952-ல் சட்டம் போய்விட்டது. ஆடு மேய்க்கும் கோனார்கள் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் அல்லர். ஆனாலும் மழையில் நனைந்து நிற்கும் ஒரு கிழவரிடம் அடையாளச் சீட்டு கேட்கும் அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது.

பஞ்சாயத்தில் உறுப்பினராக இருக்கும் ஓர் அம்மா வந்தார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, "வாயில்லாச் சீவனை மழையில நிக்கவச்சுட்டு என்ன காப்பு கட்டப் போறீங்க?" என்றார். அதோடு முடிந்தது. திடலைக் காலையில் பெருக்கித் தருவதாகக் கீதாரி சொன்னார். அந்த அம்மா ஒரு குண்டான் நிறையச் சுக்குக் காப்பி அனுப்பினார். வழிமறித்தவர்களில் ஒருவரே பிறகு தன் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு மணிவரை எல்லோரும் குட்டிகளைச் சாக்கால் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 12, திடலும் வாத்துக்காரர்களும்

காலையில் பதினொரு குட்டிகள் இல்லை. கீதாரி எண்ணிவிட்டு ஒன்றும் பேசவில்லை. திடலை விளக்குமாறு வாங்கிக் கூட்டினார், சொன்னபடி. அப்புறம் குழி தோண்டினார்கள்.

மழைக்குப் பின் குளம்பு அழுகல், நீலநாக்கு நோய் என்று அவர்களுக்குக் கவலை. நான்கு மாதத்துக்கு முன் போட்ட ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி பற்றிப் பேசினார்கள். அரசு மருத்துவர் வரும் ஊரில் இவர்கள் இருப்பதில்லை, இவர்கள் இருக்கும் ஊரில் முகாம் முடிந்திருக்கிறது என்பது பழைய குறை.

பக்கத்தில் தண்ணீர் தேங்கிய வயல்களுக்கு மழையால் நல்லகாலம். ஆயிரத்துக்கு மேல் வாத்துகளோடு ஒரு கூட்டம் இறங்கியிருந்தது. உதிர்ந்த நெல், நத்தை, புழு எல்லாவற்றையும் அலகால் சலித்துத் தின்கின்றன. நடத்துகிறவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். அவரும் ஊர் ஊராகத்தான் போகிறார், ஆனால் லாரியில் ஏற்றி. கிடைக்கு வயல்காரர் பணம் தருவார், வாத்து இறங்க இவர்தான் வயல்காரருக்குத் தரவேண்டும். முட்டை வியாபாரி காலையில் வேனில் வந்து எடுத்துப் போகிறார், பெரும்பகுதி கேரளத்துக்கு. வாத்துக்காரர் எங்களுக்கு ஆறு முட்டை தந்து காசு வாங்க மறுத்தார். வாத்து முட்டைக் குழம்பு அன்றைய ஒரே நல்ல செய்தி.

இன்னொரு மந்தையில் பதிமூன்று வயது இருக்கும் ஒரு பையனைப் பார்த்தேன். பேசினால் தலையைக் குனிந்துகொண்டான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவர்களை ஆடு மேய்க்க விடுவதும், அதிகாரிகள் தஞ்சை, திருவாரூர், ராமநாதபுரம் பக்கங்களில் அவர்களை மீட்பதும் திரும்பத் திரும்பச் செய்தியாக வருகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அந்தப் பையன் உறவுக்காரனா, முன்பணத்துக்கு வந்தவனா என்று கேட்டதற்கு அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்து இடத்தைச் சொன்னேன். நம் கீதாரியிடம் மறைக்காமல் இதைச் சொன்னபோது அவர் முகம் இறுகியது. கொஞ்ச நேரம் கழித்து, "செஞ்சது சரிதான். எங்க கூட்டத்துல அது கெடையாது. என் பேத்தி நர்சுக்குப் படிக்கிறா" என்றார். நாடோடி வாழ்வைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பையனையும் சேர்த்து எழுதவேண்டும். நடப்பவர்கள் எல்லோரும் விரும்பி நடப்பவர்கள் இல்லை.

புறப்படும்போது கீதாரி ஒரு பை கொடுத்தார். ஐந்து கிலோ புது உளுந்து, ஒரு துண்டில் முடிந்த பணம். முதுகுளத்தூர்ப் பக்கம் அவர் வீட்டில் சேர்க்கவேண்டும். பணத்தை எண்ணச் சொன்னேன், எண்ணவில்லை.

மார்ச் 14, முதுகுளத்தூர்ப் பக்கம்

நேற்றுப் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக வந்தது. திருவாடானைக்கு முன்னால் பேருந்து டயர் போய், ஒன்றரை மணி நேரம் கண்மாய்க் கரையில் நின்றோம். ஒரு மூதாட்டி நுங்கு விற்றார், மூன்று 20 ரூபாய். சின்னக் கடையில் கிடைத்த பரோட்டா ஆறியிருந்தது.

வண்டல் மண் முடிந்து செம்மண்ணும் கரிசலும் வருகிறது, வெயிலின் நிறமே மாறுகிறது. எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம். களங்களில் முண்டு மிளகாய் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். குண்டு குண்டாகச் சிவப்பு, தாண்டிப்போனாலே தும்மல். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஆட்டோக்காரர் பெருமையாகச் சொன்னார், ஆட்டோவுக்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கீதாரியின் வீடு காங்கிரீட் கட்டடம், உள்ளே குளுமை. அவர் மனைவி என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்: நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சுட்ட அப்பளம். இங்கேயும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் யார் என்று கேட்டார். பையை வாங்கி உளுந்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, "மழைக்கு முன்னால எடுத்தது" என்றார்.

அவரும் இருபது வருடம் கிடையோடு நடந்தவர். "ரெண்டாவது மகன் பொறந்தது ஒரத்தநாட்டு வயலுலதான். அந்த வீட்டு ஆச்சி மூணு நாளு பத்தியச் சோறு ஆக்கிக் குடுத்தாக. இப்பவும் அவுக வீட்டு விசேசத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரும்." முழங்கால் விட்டுப்போனதும் வீட்டில் தங்கிவிட்டார். ஒரே இடத்தில் இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ராத்திரி சத்தமே இல்லாததால் முதல் வருசம் தூக்கம் வரவில்லை என்றார். பேத்தியைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அவள் படிப்புச் செலவு ஆட்டில் வருகிறது. படித்து முடித்தால் ஆட்டை விற்றுவிடலாம் என்கிறாளாம். "அவ சொல்றதும் சரிதான். அந்த மனுசனுக்கு ஆட்ட வித்தா என்ன வேல இருக்கு, சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் இல்லை.

சாயங்காலம் கீதாரி போனில் வந்தார். பை சேர்ந்ததா என்று கேட்பார் என நினைத்தேன். "திருவாடானையில வண்டி நின்னுச்சாமே. அந்தக் கம்மாயில தண்ணி கெடக்கா?" என்றார். நடுவில் கொஞ்சம் கிடக்கிறது, வடக்குக் கரை காய்ந்துவிட்டது என்றேன். கரையில் கருவை வெட்டிவிட்டார்களா, காய் விழத் தொடங்கிவிட்டதா, மடைக்குப் பக்கத்தில் வீடு எதுவும் புதிதாகக் கட்டியிருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். காய் விழுந்து கிடந்தது, வெள்ளாடுகள் பொறுக்கின என்று பார்த்ததைச் சொன்னேன். அவர் அங்கேயே யாரிடமோ திரும்பி, "வைகாசிக்குத் திருவாடானை வழியே திரும்பலாம்ப்பா, காய் இருக்காம், தம்பி பாத்துருக்காரு" என்று சொல்வது கேட்டது.

அந்த அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். "குட்டி எத்தனை போச்சு?" என்று ஆரம்பித்தவர் திண்ணையில் போய் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். அடுத்த கிடை பட்டுக்கோட்டைப் பக்கமாம், நாலு மா வயல், பேசி முடித்தாகிவிட்டது.